பிணை கிடைத்தும் 92 நாள்: சட்ட மாணவர்களின் உள்ளகப் பயிற்சியில் ஒரு கோப்பு

தமிழ்நாட்டின் ஒரு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நான்கு வாரப் பயிற்சிக்கு வந்த மூன்று சட்ட மாணவர்கள் கையாண்ட ஒரு விசாரணைக் கைதியின் கோப்பு இங்கே முழுமையாகப் பதிவாகிறது. ஊர், நீதிமன்றம், சிறை, ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. வழக்கு விசாரணை முடியாததால், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களும் விடப்பட்டுள்ளன. இரண்டு நாட்கணக்குகள் வரும்: 'பயிற்சி நாள்' மாணவர்கள் சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்பட்டது, 'காவல் நாள்' அந்த மனிதர் கைதான நாளிலிருந்து எண்ணப்பட்டது. பயிற்சியின் முதல் நாள் அவருக்குக் காவலின் 86-ஆம் நாள்.

பின்னணி

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவின்படி, காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. வருமானச் சான்று தேவையில்லை. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்களை வளர்ப்பதையும் வழிநடத்துவதையும் தேசிய ஆணைக்குழுவின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. மாணவர்கள் அந்த அலுவலகத்துக்கு வருவதற்கான சட்ட அடிப்படை இதுதான். ஆகவே அவர்களை ஜெராக்ஸ் எடுக்கவும் கோப்பு தூக்கவும் மட்டும் வைத்திருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே பொருந்தாது.

மறுபக்கம், பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் உள்ளகப் பயிற்சி கட்டாயம் என்கின்றன. ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்ற வரம்பும் அங்கேயே இருக்கிறது. இந்தக் கோப்பில் நேர்ந்த பெரிய தவறு அந்த 4 வார வரம்பை ஒட்டியே நடந்தது.

வந்தவர்களில் இருவர் ஐந்தாண்டுப் படிப்பின் நான்காம் ஆண்டு, ஒருவர் மூன்றாண்டுப் படிப்பின் இறுதியாண்டு. மேற்பார்வை, சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர் ஒருவரிடம். அவரை இனி 'பொறுப்பு வழக்கறிஞர்' என்போம். முதல் நாளே ஒரு கோடு கிழிக்கப்பட்டது: வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இன்படி பதிவு பெற்றவரே வழக்கு நடத்த முடியும். எனவே மாணவர் மனுவில் கையெழுத்திடக் கூடாது, நீதிமன்றத்தில் எழுந்து பேசக் கூடாது, கைதிக்குத் தனியாக சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. ஆவணம் படிக்கலாம், காலவரிசை தயாரிக்கலாம், வரைவு எழுதலாம், சந்திப்பில் உடனிருந்து குறிப்பெடுக்கலாம்.

அவர்களுக்கு ஒதுக்கிய வேலை ஒன்றுதான். பிணை உத்தரவு கிடைத்து 7 நாளுக்கு மேல் ஆகியும் வெளியே வராத விசாரணைக் கைதிகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொருவரும் ஏன் உள்ளே இருக்கிறார் என்று எழுத வேண்டும். இந்த வேலைக்குப் பின்னால் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-இல் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் தந்த வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. பிணை தரும் நீதிமன்றம் உத்தரவின் மென்நகலை அன்றே அல்லது மறுநாள் சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். சிறை அந்தத் தேதியை இ-பிரிசன்ஸ் மென்பொருளில் ஏற்ற வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தகவல் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் கொடுக்கப்படாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே எடுத்துப் பார்க்கலாம்.

பட்டியல், பட்டியலில் இல்லாத பெயர்

சிறையிலிருந்து வந்த அச்சுப் பட்டியலில் 31 பெயர்கள். மாணவர்கள் முதல் இரண்டு நாளில் ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைத் தேடி இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு நிலையைப் பார்த்தார்கள். 6 பேர் ஏற்கனவே வெளியே போயிருந்தார்கள், பட்டியல்தான் பழையது. 3 பெயர்கள் எழுத்து மாறி இரண்டாம் முறை ஏறியவை. 10 பேருக்கு இந்த வழக்கில் பிணை கிடைத்திருந்தாலும் வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் ஆணை) நிலுவையில் இருந்தது. இந்தப் பிணைக்கு ஜாமீன்தாரர் கொடுத்தாலும் அவர்கள் வாசலைத் தாண்ட முடியாது. உண்மையில் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே இருந்தவர்கள் 12 பேர்.

பி.டி. வாரண்ட்டைப் பார்க்காமல் ஜாமீன்தாரரைத் தேடி அலைவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஒரு குடும்பத்தைக் கடன் வாங்க வைத்து, பத்திரம் எழுத வைத்து, சிறை வாசலில் காத்திருக்க வைத்த பிறகு 'இன்னொரு கேஸ் இருக்கு' என்று கேட்க வைப்பதைவிடக் கொடுமை இல்லை. ஆகவே முதல் கேள்வி எப்போதும் இது: இவர் மேல் வேறு வழக்கு உண்டா, அதில் காவல் பதிவாகியிருக்கிறதா?

மூன்றாம் நாள் இறுதியாண்டு மாணவி ஒரு சந்தேகத்தை எழுப்பினார். சிறை பிணைத் தேதியை ஏற்றியவர்கள்தான் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். தேதியே ஏறாதவர்கள்? அது நல்ல கேள்வி என்று பொறுப்பு வழக்கறிஞர் உடனே ஒப்புக்கொண்டார். செயலாளரின் கடிதத்துடன் நான்கு நடுவர் நீதிமன்றங்களில் முந்தைய ஆறு மாதத்தில் அனுமதிக்கப்பட்ட பிணை மனுக்களின் பதிவேட்டைப் பார்த்து, அந்தப் பெயர்களைச் சிறையின் இருப்புப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். நீதிமன்றத்திலிருந்து சிறையை நோக்கிய தலைகீழ்த் தேடல் அது. பயிற்சி நாள் 5-இல், 13-ஆவது ஆள் கிடைத்தார்.

34 வயது, சென்ட்ரிங் வேலை, வேறு மாவட்டத்துக்காரர். குடியிருப்பு வீட்டில் திருட்டு என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவில் வழக்கு. அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. காவலின் 38-ஆம் நாள் பிணை கிடைத்திருக்கிறது. கண்டுபிடித்தபோது காவலின் 90-ஆம் நாள். கைதானபோது அவரை முதலில் வைத்திருந்தது ஒரு கிளைச் சிறையில். பிறகு மத்திய சிறைக்கு மாற்றியிருந்தார்கள். உத்தரவின் மின்னஞ்சல் கிளைச் சிறைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. மத்திய சிறையின் பதிவில் பிணைத் தேதிக் கட்டம் காலி. அதனால் 7 நாள் எச்சரிக்கை யாருக்கும் போகவில்லை.

நிபந்தனைகளும் வழிகளும்

உத்தரவில் இருந்தவை: தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அவர்களில் ஒருவர் இரத்த உறவு, வெளியே வந்ததும் தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து.

மாணவர்கள் மூன்று வழிகளைத் தாளில் எழுதி வைத்துப் பேசினார்கள். முதலாவது, பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு. முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்தால் பிணையில் விட வேண்டும் என்பது அந்தப் பிரிவு. 7 ஆண்டில் மூன்றில் ஒன்று 28 மாதம். இவர் உள்ளே இருப்பது 3 மாதம். பொருந்தாது, விடப்பட்டது. இரண்டாவது, நிபந்தனைப்படியே ஜாமீன்தாரர் தேடுவது. மூன்றாவது, நிபந்தனையைத் தளர்த்தக் கோரி அதே நடுவர் நீதிமன்றத்தில் மனு.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே நேரத்தில் தொடங்குவது என்று பொறுப்பு வழக்கறிஞர் முடிவெடுத்தார். ஜாமீன்தாரர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், தேடிக் கிடைக்கவில்லை என்பதே தளர்வு மனுவுக்கு ஆதாரமாகும்.

இரண்டு சந்திப்புகள்

முதல் சந்திப்பு பயிற்சி நாள் 8. சிறைக்குச் செல்லும் வழக்கறிஞருடன் இரண்டு மாணவர்கள் போனார்கள். கையில் 14 கேள்விகள் கொண்ட படிவம். பதினொன்றாவது கேள்வி: "ஜாமீன்தாரர் யாரும் இல்லையா?" அவர், "இல்ல சார்" என்றார். மாணவர் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். சந்திப்பு 9 நிமிடத்தில் முடிந்தது.

திரும்பி வந்ததும் குறிப்பைப் படித்த பொறுப்பு வழக்கறிஞர் அந்தக் கேள்வியை அடித்தார். இல்லையா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அதிலும், ஜாமீன்தாரர் என்றால் நிலம் உள்ளவர், பணம் கட்ட வேண்டியவர் என்று நினைக்கிற மனிதர்கள் அதிகம். பத்திரத்தில் எழுதுகிற தொகையை யாரும் முன்கூட்டிக் கட்டுவதில்லை, ஆள் வராமல் போனால்தான் அந்தத் தொகைக்குப் பொறுப்பு வரும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

நாள் 11-இல் மாணவி படிவம் இல்லாமல், வெறும் நோட்டுடன் போனார். கேட்டது இப்படி: "அண்ணா, கைதாகறதுக்கு முந்தின நாள் எங்க தூங்குனீங்க? பக்கத்துல யார் இருந்தா? ஊர்ல விசேஷம்னா யார் உங்களைக் கூப்பிடுவாங்க?" அதற்குப் பிறகு 40 நிமிடம் அவரே பேசினார். கட்டடத்தில் உடன் வேலை செய்தவர் ஒருவர் இருக்கிறார். மேஸ்திரிதான் முதல் வழக்கறிஞரை வைத்தார், பிணை வாங்கியதும் பாக்கிக் கட்டணத்தால் இருவரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஊரில் ஓர் அக்கா. அவருக்குக் கைபேசி இல்லை. பக்கத்து வீட்டு எண் மட்டும் இவருக்கு நினைவிருந்தது. பத்து இலக்கங்களையும் இடது உள்ளங்கையில் விரலால் எழுதி எழுதிச் சரிபார்த்த பிறகே வாயால் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொன்று கோப்பையே மாற்றியது. தனக்குப் பிணை கிடைத்தது அவருக்குத் தெரியும். நிபந்தனை என்ன என்று தெரியாது. 'பத்தாயிரம் கட்டணும்' என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சிறையில் வேலை செய்து அந்தப் பணத்தைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றே வக்காலத்தில் இடது பெருவிரல் ரேகை பெறப்பட்டு, சிறை அலுவலர் சான்றொப்பம் இட்டார். இந்தச் சான்றொப்பம் இல்லாத வக்காலத்து நீதிமன்றக் கவுண்டரிலேயே திரும்பும். முந்தைய வழக்கறிஞரிடம் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி வாங்க மேலும் 4 நாள் ஆயிற்று.

ஒரு தொலைபேசி அழைப்பு

நாள் 12-இல் நான்காம் ஆண்டு மாணவர் ஒருவர் அந்தப் பக்கத்து வீட்டு எண்ணை அழைத்தார். எடுத்தவர் யாரென்று கேட்டதற்கு, கோர்ட்டிலிருந்து பேசுவதாகவும், இந்த அக்காவின் தம்பி ஜெயிலில் இருப்பதாகவும், ஜாமீனுக்கு அவர் வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அந்தத் தெருவுக்கு அது செய்தி. அக்காவுக்குமே அதுவரை தெரியாது. தம்பி வேலைக்கு எங்கோ போயிருக்கிறான் என்றே நினைத்திருந்தார். நாள் 15-இல் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் நேரில் போனபோது, அக்காவின் கணவர் வாசலிலேயே நின்று மறுத்தார். மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் கோர்ட் வாசலுக்கு மனைவியை அனுப்ப முடியாது என்றார். ஊருக்கே தெரிந்துவிட்டது என்ற கோபமும் அவர் பேச்சில் இருந்தது. இரத்த உறவு ஜாமீன்தாரர் என்ற வழி அத்துடன் அடைபட்டது.

இரண்டு தவறுகள் இங்கே. ஒன்று, கைதியின் நிலையை மூன்றாம் நபரிடம் சொன்னது. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான தகவல்களின் காப்பு வழக்கறிஞரின் எழுத்தர்களையும் பணியாளர்களையும் கட்டுப்படுத்துகிறது. பயிற்சி மாணவரையும் அந்த வரிசையில் வைத்தே நடத்த வேண்டும். இரண்டு, 'கோர்ட்டிலிருந்து பேசுகிறேன்' என்றது. அது உண்மையல்ல. பயத்தையும் அது கிளப்பும்.

மாணவரைப் பயிற்சியிலிருந்து நீக்கலாம் என்ற யோசனை வந்தது. பொறுப்பு வழக்கறிஞர் அதை ஏற்கவில்லை. அழைப்பில் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை; எண்ணை மட்டும் கொடுத்து 'பேசிப் பாருங்கள்' என்றது அலுவலகம். தவறு மேற்பார்வையுடையது என்று கோப்பிலேயே பதிவு செய்யப்பட்டது. நாமும் அதையே சரி என்று கருதுகிறோம். அடுத்த சந்திப்பில் கைதியிடம் நடந்ததை வழக்கறிஞரே சொன்னார். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டது, "அக்கா அழுதுச்சா?"

மனு

மாணவர்களின் முதல் வரைவு 11 பக்கம். முதல் 6 பக்கம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவும் தீர்ப்பு மேற்கோள்களும். என்ன கேட்கிறோம் என்பது ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. காலையில் 60 வழக்குகளை அழைக்கிற நடுவர் ஒன்பதாம் பக்கம் வரை போக மாட்டார். இறுதி வடிவம் 3 பக்கமாக வந்தது. முதல் பத்தியில் நான்கு விவரங்கள்: கைதான தேதி, பிணை தேதி, இன்றுவரை உள்ளே இருந்த நாட்கள், கோரிக்கை. இரண்டாம் பத்தியில் நிபந்தனையை நிறைவேற்ற எடுத்த முயற்சிகள், தேதியுடன். மூன்றாவதில் சட்டம்.

சட்டப் பகுதியில் நான்கே விஷயங்கள். பி.என்.எஸ்.எஸ். 484: பிணைத்தொகை வழக்கின் சூழலைக் கருதி நிர்ணயிக்கப்பட வேண்டும், மிகையாக இருக்கக் கூடாது. 2023 வழிகாட்டுதல்கள்: கைதியின் பொருளாதார நிலை பற்றிய அறிக்கையை வைத்துத் தளர்வு கோரலாம், வெளியே வந்த பிறகு ஜாமீன்தாரரைத் தருகிறேன் என்று கைதி கேட்டால் குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிகப் பிணை தரலாம். உள்ளூர் ஜாமீன்தாரரை வலியுறுத்துவது விடுதலையைத் தாமதமாக்குகிறது என்று அதே வழிகாட்டுதல் சொல்வது மூன்றாவது. நான்காவது 1978-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தந்த மோதி ராம் தீர்ப்பு. அதை மாணவிதான் தேடி எடுத்தார். அந்த வழக்கில் கைதி ஒரு கொத்தனார். கேட்கப்பட்ட ஜாமீன் 10,000 ரூபாய். சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று அவருடைய ஜாமீன் மறுக்கப்பட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த நிபந்தனைகளை ஏற்காமல் 1,000 ரூபாய் சொந்தப் பிணைப்பத்திரத்தில் விடச் சொன்னார். 45 ஆண்டுக்கு மேல் கழிந்தும் தொழிலும் தொகையும் காரணமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. இரண்டு வரியில் அதைச் சொன்னதே போதுமானதாக இருந்தது.

சட்டத் தன்னார்வலரின் சமூகப் பொருளாதார அறிக்கை நாள் 17-இல் வந்தது. அதில் 'ஏழை' என்ற சொல்லை எடுத்துவிட்டு விவரங்களை வைத்தார்கள்: சொந்த நிலம் இல்லை, வங்கிக் கணக்கில் இருப்பு 412 ரூபாய், தாய் தந்தை இல்லை, கட்டடம் நடக்கும் இடத்துக் கொட்டகையில் தங்கல், அக்கா குடும்பம் மறுத்த தேதி. நாள் 19-இல், காவல் நாள் 104-இல், மனு தாக்கலானது.

திரும்பி வந்த மனு

நாள் 21-இல் மனு ரிட்டர்ன் ஆனது. இரண்டு குறைகள்: குற்ற எண்ணில் ஓர் இலக்கம் பிழை, அரசு வழக்கறிஞருக்கு நகல் தந்ததற்கான ஒப்புகை இணைக்கப்படவில்லை. 3 நாளுக்குள் சரிசெய்து மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். இரண்டுமே அரை மணி நேர வேலை.

கவுண்டரில் மனுவை வாங்கியவர் நான்காம் ஆண்டு மாணவர்களில் மற்றவர். அவர் குறைகளைத் தன் நோட்டில் எழுதினார். மனுவை வழக்கறிஞரின் மேஜையில் வைத்தார். அன்று அந்த மேஜையில் வேறொரு வழக்கின் தீர்ப்பு நகல்கள் குவிந்திருந்தன. மனு அவற்றுக்கு அடியில் போயிற்று. மறுநாள் முதல் மூன்று மாணவர்களும் மீதி 12 பேரின் அறிக்கைகளை முடிக்கும் அவசரத்தில் இருந்தார்கள். நாள் 28-இல் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். ரிட்டர்ன் பற்றிய குறிப்பு நோட்டோடு போனது.

மனுவுக்கு நீதிமன்றம் எண் போட்டுவிட்டது, அது விசாரணைக்கு நிற்கிறது என்றே வழக்கறிஞர் நினைத்திருந்தார். நாள் 37-இல் வேறு கைதிகளைப் பார்க்கச் சிறைக்குப் போனபோது, வரிசையில் நின்ற இவரே கேட்டார்: "சார், அந்தப் புள்ளைங்க இனிமே வர மாட்டாங்களா? என் பேப்பர் என்னாச்சு?" அன்று மாலை மேஜையைக் கலைத்துத் தேடியதில் மனு கிடைத்தது.

நாள் 38-இல் மறுசமர்ப்பிப்பு. நாள் 41-இல் விசாரணை. அரசுத் தரப்பு, ஆள் வெளி மாவட்டத்துக்காரர், தலைமறைவாகலாம் என்று ஆட்சேபித்தது. அறிக்கையில் தங்குமிடமும் உடன் வேலை செய்பவரின் பெயரும் இருந்ததால் அந்த ஆட்சேபம் நிற்கவில்லை. நாள் 43-இல் உத்தரவு: 10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரம், வெளியே வந்து 30 நாளுக்குள் ஒரு ஜாமீன்தாரர், இரத்த உறவாக இருக்கத் தேவையில்லை, கையெழுத்து நிபந்தனை தொடரும். உத்தரவு நகலை மின்னஞ்சலோடு நிறுத்தாமல் வழக்கறிஞரே மத்திய சிறைக்கு நேரில் கொண்டுபோனார். நாள் 45-இல், காவலின் 130-ஆம் நாளில் அவர் வெளியே வந்தார்.

கெடுவுக்குள் நாள் 24-இல் மறுசமர்ப்பிப்பு நடந்திருந்தால் 14 நாள் முன்னதாக வந்திருப்பார். பிணைக்கும் விடுதலைக்கும் இடையே கழிந்த 92 நாளில் 78 நாளுக்கு மின்னஞ்சலும் நிபந்தனையும் பழைய வழக்கறிஞரும் நடைமுறையும் காரணம். 14 நாளுக்கு, அவருக்கு உதவ வந்தவர்களே காரணம்.

விடுதலைக்குப் பிறகு

கோப்பு அத்துடன் முடியவில்லை. தினமும் 10.30-க்குக் கையெழுத்து என்றால், 8 மணிக்கு வேலை தொடங்கும் கட்டடத்தில் யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முதல் 11 நாள் போனார். அடுத்த 2 நாள் போகவில்லை. நிபந்தனை மீறல் என்று பிணையை ரத்து செய்யக் கோருவதற்கு அதுவே போதும். அடுத்த அணி மாணவர்கள் வாரம் ஒருமுறை தொலைபேசியில் விசாரிக்கும் முறையில் இருந்ததால் இது உடனே தெரிந்தது. தளர்வு மனு 2 பக்கத்தில் தயாரானது. வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும் என்று நிபந்தனை மாறியது. ஜாமீன்தாரராக, உடன் வேலை செய்தவர் விடுதலைக்குப் பிந்தைய 24-ஆம் நாளில் வந்தார். ஆதார் நகல், புகைப்படம், பத்திரத்தில் இடது பெருவிரல் ரேகை ஆகியவை கேட்கப்பட்டன. முதல் நாள் புகைப்படம் கொண்டுவராததால் அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. இதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

பட்டியலின் மற்ற 12 பேரில் 7 பேர் மூன்று மாதத்துக்குள் வெளியே வந்தார்கள். 3 பேரின் தளர்வு மனுக்கள் நிலுவையில். 2 பேரின் மனுக்கள் தள்ளுபடி. அவை அமர்வு நீதிமன்றத்துக்குப் போகின்றன.

மாற்றியவை

முதலாவதும் முக்கியமானதும் ஒப்படைப்பு. ஒவ்வொரு கோப்பின் உள்ளட்டையிலும் இப்போது ஒரு தாள் ஒட்டப்படுகிறது. அதில் ஐந்து வரி: கடைசியாக நடந்தது, அதன் தேதி, அடுத்து நடக்க வேண்டியது, கடைசி நாள், யார் பொறுப்பு. மாணவரின் நோட்டில் எழுதுவது கூடாது என்றில்லை. ஆனால் தாளில் எழுதாதது நடக்காததாகவே கொள்ளப்படும். ரிட்டர்ன் ஆன மனு மேஜைக்குப் போகாது. சிவப்பு உறையில் வழக்கறிஞரின் கையில் கொடுத்து, தாளில் அவரின் சுருக்கொப்பம் பெற வேண்டும். கடைசி வாரத்தில் புதிய கோப்பு தரப்படுவதில்லை. 23-ஆம் நாள் முதல் இருப்பதை முடிப்பதும் ஒப்படைப்பதும் மட்டும். 4 வார வரம்பை அலுவலகம் மாற்ற முடியாது. எனவே கல்லூரியுடன் பேசி, ஓர் அணியின் கடைசி 5 நாளும் அடுத்த அணியின் முதல் 5 நாளும் ஒன்றாக வரும்படி தேதிகள் அமைக்கப்பட்டன. அந்த 5 நாளில் பழையவர் புதியவரைச் சிறைக்கு அழைத்துப் போய், கைதியிடமே அறிமுகம் செய்கிறார்.

தொலைபேசிக்கு ஒரு கால் பக்கக் குறிப்பு எழுதப்பட்டது. தேடும் ஆள் பேசும் வரை பெயரும் திரும்ப அழைக்கும் எண்ணும் மட்டுமே சொல்ல வேண்டும். கோர்ட், போலீஸ், ஜெயில், கேஸ் என்ற நான்கு சொற்களும் மூன்றாம் நபரிடம் வரவே கூடாது. உறவினரை அழைக்கலாமா, யாரை, எந்த நேரத்தில் என்று கைதியிடம் முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும். முதல் அழைப்பில் வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பயிற்சி நாட்குறிப்பிலும் ஒரு ஓட்டை தெரிந்தது. கல்லூரிக்கு மதிப்பெண்ணுக்காகக் கொடுக்கும் நாட்குறிப்பில் கட்சிக்காரர் சந்திப்புகளைப் பதிவு செய்ய வேண்டும் என்பது பாடத்திட்டம். ஒரு மாணவரின் நாட்குறிப்பில் கைதியின் பெயர், குற்ற எண், பிணை உத்தரவின் புகைப்படம் மூன்றும் இருந்தன. அது விடைத்தாள்களோடு கல்லூரி அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கும். சமர்ப்பிக்கும் முன் அடித்து மாற்றப்பட்டது. இனி நாட்குறிப்பில் 'க-1', 'க-2' என்ற குறிகள் மட்டும். எந்தக் குறி யாருக்கு என்ற பட்டியல் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது.

சந்திப்புப் படிவம் தூக்கி எறியப்படவில்லை. முதல் 20 நிமிடம் படிவம் மூடியே இருக்க வேண்டும் என்று அதன் மேல் அச்சிடப்பட்டுள்ளது. உத்தரவில் என்ன இருக்கிறது என்பதை வழக்கறிஞர் வாய்மொழியாக விளக்கி, கைதியையே தன் சொற்களில் திரும்பச் சொல்லக் கேட்பது கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்கப்பட்டது. தலைகீழ்த் தேடல் மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. கிளைச் சிறையிலிருந்து மாற்றப்பட்டவர்களுக்குத் தனிப் பட்டியல்.

மாணவர்களுக்கு உதவித்தொகை இல்லை; சிறைக்குப் போகும் நாட்களின் பேருந்துக் கட்டணம் இப்போது கொடுக்கப்படுகிறது. அது இல்லாதபோது, வீட்டில் பணம் உள்ளவர்களே இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பித்தார்கள். கிராமப்புறக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள்தான் இரண்டாம் சந்திப்பைப் போன்ற பேச்சை எளிதில் நடத்துகிறார்கள் என்பதை அலுவலகம் கண்டிருக்கிறது. அவர்கள் பேருந்துக் காசுக்காக வராமல் போவது கைதிகளுக்குத்தான் இழப்பு.

தீராதவை

இரத்த உறவு ஜாமீன்தாரர் என்ற வரி இந்த மாவட்டத்தின் பிணை உத்தரவுகளில் இன்னும் வருகிறது. ஒவ்வொரு முறையும் தனி மனு போட்டுத் தளர்த்துவது வேலையை இரட்டிப்பாக்குகிறது. பிணை மனு விசாரணையின்போதே பொருளாதார நிலை அறிக்கையை வைக்கும் முயற்சி ஒரு நீதிமன்றத்தில் தொடங்கியிருக்கிறது.

அக்கா வீட்டுடன் அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அதைச் சரிசெய்ய அலுவலகத்தால் முடியவில்லை. தவறாகப் பேசிய மாணவர் மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுதி வழக்கறிஞரிடம் தந்தார். கடிதம் போனால் அந்த வீட்டில் மீண்டும் பேச்சு கிளம்பும் என்பதால், அது அனுப்பப்படாமல் கோப்பிலேயே இருக்கிறது. வழக்கு சாட்சி விசாரணைக்குப் போயிருக்கிறது. கடந்த மூன்று வாய்தாவுக்கும் அவர் ஆஜராகியிருக்கிறார்.